குங்குமம் வைத்த கூப்பன்

கலாதேவிக்குக் கனவு காண நேரம் காலம் கிடையாது. சோறு வடிக்கும்போது காணுவாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது காணுவாள், கையுறைத் தொழிற்சாலையில் ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே காணுவாள். மாளிகை, நகை நட்டு என்று நினைத்துவிடாதீர்கள். கடல்தான். ஈப்போ பக்கம் அவள் இருக்கும் செமோரிலிருந்து கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் லுமுட் போய்விடலாம், அங்கே படகேறினால் பங்கோர் தீவு. ஐம்பது வயது தாண்டியும் அவள் அந்தப் படகில் கால் வைத்ததில்லை. வருஷா வருஷம் அரிசியும் எண்ணெயும் சேர்ந்து அந்தப் படகைத் தின்றுவிடும்.

"கடல்ல என்னா இருக்கு? தண்ணிதானே," என்பார் அவள் புருஷன் ஜெயபாலன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தோட்டம் போனபின் ஈப்போவில் காவல் வேலை பார்க்கிற மனுஷன். வாயைத் திறந்தால் நையாண்டிதான்.

கூடவே வேலை செய்கிற பாப்பாதான் வழி சொன்னாள். "தபால் பெட்டில வர்ற நோட்டீசத் தூக்கிப் போடாத கலா. கூப்பன வெட்டி வச்சிக்க. மிச்சம் பிடிக்கிற காசுல தீவாளி முடிஞ்சதும் பொம்பளைங்க எல்லாம் பங்கோர் போலாம்லா."

அன்றிலிருந்து கலாதேவி கத்தரிக்கோலும் கையுமாக அலைந்தாள். ஆரம்பத்தில் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் போனது, பாவம். கூப்பன் இருக்கிறதே என்று துணி அலசும் வாசனைத் தண்ணீரை வாங்கிக் குவித்துவிட்டாள். குளியலறையில் கால் வைக்க இடமில்லை. "சட்ட கமகமன்னு இருக்கு. சோறு எங்க?" என்று ஜெயபாலன் கேட்டது சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு வீட்டில் என்ன தீர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தாள்.

கூப்பன் அனுப்புகிற அந்தப் பேரங்காடி, அவர்கள் இருந்த தோட்டத்தை அழித்த இடத்தில்தான் நிற்கிறது. தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும்போது அலமாரிகளுக்கு நடுவே உள்ள பாதை அவளுக்கு மர நிரை போலவே தெரியும். நிரையின் கோடியில் நீலமாக ஏதோ மினுங்கும். கடல்தான் என்று மனம் சொல்லும், காற்றில் உப்பு மணக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் மீன் விற்கிற கண்ணாடிப் பெட்டி. ஆனாலும் அடுத்த வாரம் மறுபடி கடலாகத்தான் தெரியும். அவளை என்ன செய்வது?

தீபாவளி நெருங்கியபோது கடையிலிருந்து ஒரு பெரிய கூப்பன் தபாலில் வந்தது. ஒரே ஒரு முறை, ஒரு வண்டிச் சாமானுக்குப் பாதி விலை. மிச்சமாகிற பாதியில் அவளுடைய பங்கோர் செலவு அடங்கிவிடும். புதுச் சேலையோ கல்யாணப் பத்திரிகையோ, வீட்டுக்கு நல்லது எது வந்தாலும் முதலில் சாமி மேடைக்குத்தானே போகும்? கூப்பனும் போனது. நாலு மூலையிலும் மோதிர விரலால் கடுகளவு மஞ்சள் தொட்டு வைத்து, மாரியம்மன் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டாள்.

சனிக்கிழமை வண்டி நிறையச் சாமானோடு கல்லாவில் நின்றாள். மலாய்க்காரப் பெண் கூப்பனுக்கு நேராக மிஷினைக் காட்டினாள். சத்தம் வரவில்லை. திருப்பிக் காட்டினாள், அப்போதும் இல்லை.

"தாக் போலே லா, ஆன்ட்டி," முடியவில்லை என்று அவள் கூப்பனை நீட்டினாள்.

பார்கோட்டின் நட்ட நடுவில், கோடுகளும் எண்களும் மறைய, ஈரக் குங்குமம் அப்பியிருந்தது. டிஷ்யூவால் ஓரத்தை ஒற்றிப் பார்த்தாள், பார்கோட்டின் மையும் சேர்ந்து வந்தது, விட்டுவிட்டாள். மேற்பார்வையாளர் வந்து, மிஷின் படிக்காத கூப்பனுக்குக் கழிவு கிடையாது என்று கையை விரித்துவிட்டார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

கலாதேவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் குங்குமம் அவள் வைத்ததில்லை, காலையில் அவசரத்தில் பார்க்காமலே எடுத்துப் பையில் போட்டு வந்திருக்கிறாள். அப்போதுதான் பொட்டை உற்றுப் பார்த்தாள். ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் சப்பை. பால்மரம் வெட்டும் கத்தி பட்டு ஓரம் போன பெருவிரல். கல்யாணத்தன்று அவள் நெற்றியிலும் இதே அச்சுதான் விழுந்தது.

அடப் பாவி மனுஷா, என்றாள் வாய்க்குள். சாமி மேடைப் பக்கம் தலை வைத்துப் படுக்காத ஆள். தண்ணிதானே என்று கேலி பேசிய ஆள். அவள் அந்தத் தண்ணியைப் பார்க்க வேண்டும் என்று, அவளுக்குத் தெரியாமல் ஆத்தாளிடம் கேட்டிருக்கிறார். அவர் இதுவரை ஒருமுறையாவது கடலைப் பார்த்திருக்கிறாரா என்று அவள் கேட்டதே இல்லை.

வண்டியைத் திருப்பினாள். முந்திரியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பிஸ்கட் டின், திரைத்துணி, வாசலில் தொங்கவிடும் விளக்குச் சரம், எல்லாம் அலமாரிக்குத் திரும்பின. ஒரு ஆள் செலவு மிஞ்சிய பிறகும் நிறுத்தவில்லை. கடைசியில் உளுந்தும் நெய்யும் அரிசியும்தான் நின்றன.

வீட்டில் ஜெயபாலன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூப்பன் எடுத்துச்சா?" அவர் பெருவிரல் நகக்கண்ணில் சிவப்பு இன்னும் போகவில்லை.

"எடுக்கல."

அவர் முகம் சுருங்கிப்போனது. "நல்லதுக்குன்னுதான்..." என்று இழுத்தார்.

"இந்த வருஷம் முறுக்கு மட்டுந்தான். பாப்பாகிட்ட சொல்லிட்டேன், நான் அவங்களோட வரலன்னு," என்றாள் கலாதேவி. "நாம ரெண்டு பேரும் போறோம்."

அவர் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போய்த் துணி அலமாரியைத் திறந்தார்.

"அங்க காத்து நல்லா அடிக்குமாமே," என்றார், முதுகைக் காட்டிக்கொண்டே. "அந்த நீலச் சட்டையப் போட்டுக்கவா?"