முதுகு மண்ணில் பட்ட பிரேசில்காரன்

தொண்ணூறுகளின் நடுவில், பிரேசில் நாட்டுச் சண்டைக்காரன் ஒருவனின் போட்டிகளை நான் நோட்டில் குறித்துவந்தேன். எதிராளியின் உடல்வாகு, சண்டை நீடித்த நேரம், முடிவு, நான் பார்த்த தேதி என்று நான்கு பத்திகள். உக்கடத்தில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பருக்கு அவருடைய மைத்துனர் துபாயிலிருந்து கொடுத்தனுப்பும் வீடியோ கேசட்டுகள்தான் ஆதாரம். எல்லாரையும் போல நானும் அந்த நண்பரை பாய் என்றே கூப்பிடுவேன். பாய் குஸ்திக்காரர், ஒல்லி. அவர் பிடித்த குஸ்திகள் அதே நோட்டின் பின்பக்கத்தில் இருந்தன.

பிரேசில்காரனும் ஒல்லிதான். கம்பிவலைக் கூண்டுக்குள், எடைப்பிரிவு எதுவும் இல்லாமல், தன்னைவிடப் பெரிய ஆட்களோடு மோதுவான். முதல் இரண்டு கேசட்டுகளிலும் எதிராளியின் முதுகில் தொற்றிக் கழுத்தை இறுக்கி ஜெயித்தான்.

"நம்ம சைஸ் ஆளுங்க," என்பார் பாய், சொந்தக்காரனைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்தச் சமயத்தில்தான் உடுமலைப்பேட்டைத் திருவிழாவில் குஸ்தி பிடிக்க அவருக்கு அழைப்பு வந்தது. எதிராளி காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருந்தவர். பாயைப்போல ஒன்றரை ஆள். முழங்கால் தேய்ந்துகொண்டிருந்த பாய்க்கு அதுதான் கடைசிக் குஸ்தியாக இருக்கும்.

"அடுத்த கேசட்டப் பாத்துப்போட்டு பதில் சொல்றனுங்க," என்றார்.

கேசட் வந்தது. ஞாயிறு காலை பாய் வீட்டில் போட்டுப் பார்த்தோம். மலைபோன்ற ஓர் ஆள் பிரேசில்காரனைத் தூக்கி அடித்தான். அவனது இரண்டு தோள்களும் தரையில் பட்டன. அந்த நொடியில் படம் துள்ளி, பூ ஜோடித்த காரில் ஒரு மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். யாரோ அதே கேசட்டில் கல்யாணத்தைப் பதிந்திருந்தார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்று பாய் என்னைப் பார்த்தார்.

குஸ்தியில் இரு தோளும் மண்ணைத் தொட்டால் முடிந்தது. "முதுகு பட்டுருச்சே பாய்," என்றேன். நோட்டில் 'தோல்வி' என்று எழுதினேன்.

டீ கொண்டுவந்த பாயின் மனைவி டிவியைப் பார்த்து, "மாப்பிள்ளையாச்சும் ஜெயிச்சாருங்களா?" என்றார். பாய் சிரிக்கவில்லை. மறுநாள் உடுமலைக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார். பின்பக்கத்தில் 'விலகினார்' என்று குறித்தேன்.

சில மாதம் கழித்து அதே சண்டை முழுதாக வந்தது. மல்லாந்து கிடந்தபடியே பிரேசில்காரன் கால்களால் அந்த ஆளின் இடுப்பைக் கவ்வி, ஒரு கையைப் பிடித்து மடக்கினான். பெரிய ஆள் வலி தாங்காமல் தரையைத் தட்டினான். அங்கே தட்டியவன்தான் தோற்றவன். முதுகு படுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நம் விதியை வைத்து அவனுக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

கேசட்டோடு பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். பாய் லேத்தை நிறுத்தினார்.

"என் தப்பு பாய். நான் எழுதினதை நம்பித்தான் நீங்க…"

"அட வுடுங்க. நாந்தான் பயந்துபோட்டு உங்க நோட்டச் சாக்குச் சொன்னனுங்க." கையைத் துடைத்தார். "காங்கேயம் பஸ் எத்தன மணிக்குங்க?"

மில்காரர் களத்தில் கொப்பரை காயவைத்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க பாய், திருவிழா முடிஞ்ச தகவல் இப்பத்தான் வந்துச்சுங்களா?" என்றார். ஆனாலும் கொப்பரையை ஒதுக்கி மணல் கொட்டச் சொன்னார். அவருடைய அண்ணன் நடுவர்.

கொடுத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மில்காரர் தூக்கி அடித்ததில் பாயின் இரு தோள்களும் மணலில் பதிந்தன. ஆனால் கீழே கிடந்தவர் கால்களால் இடுப்பைக் கவ்வி, கையைப் பிடித்து மடக்கிவிட்டார்.

"முதுகு பட்டுருச்சுங்க பாய், தோத்துட்டீங்க," என்றார் அண்ணன்.

"தெரியுதுங்க."

"தெரிஞ்சா கைய வுடுங்க பாய்!" என்று மில்காரர் கத்தினார். "நாளைக்கு நான் மில்லு ஓட்டோணும்!"

பாய் சிரித்துக்கொண்டே விட்டார். முழங்கையைத் தேய்த்தபடி மில்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் நோட்டைத் திறந்தேன்.

"தோல்வின்னே எழுதுங்க," என்றார் பாய். "அந்த 'விலகினார்' மட்டும் அடிச்சுப்போடுங்க."

"அது நடந்தது பாய். அடிக்கக் கூடாது."

"நீங்க ஒரு ஆளுங்க!"

அடிக்கவில்லை. அதற்குக் கீழே அன்றைய தேதி போட்டு, 'காங்கேயம். மோதினார். தோல்வி' என்று எழுதிக் காட்டினேன். நடுவில் இருந்த சொல்லைப் பாய் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.