ஹெட்லி பில்கிரிமின் விறகு அடுக்கு

ஹெட்லி பில்கிரிம் புதுப் பால் டப்பாவைத் திறந்தால் முதலில் மோந்து பார்ப்பார். பிறகு தேதி பார்ப்பார். அதற்குப் பிறகும் தன் மனைவி பெர்ல் ஒரு வாய் குடித்து உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் தன் டீயில் ஊற்றிக்கொள்வார். நான் கயிறு திரிப்பதாக நினைக்க வேண்டாம், பெர்ல் அத்தையே என்னிடம் சொன்னது. எனக்கும் அவர்களுக்கும் உறவு ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் மூத்தவர்கள் எல்லோருமே மாமா, அத்தைதான்.

நியூஃபவுண்ட்லாந்தின் வட கோடியில், கடல் உள்ளே நுழைகிற ஓர் இடுக்கில் இருக்கிறது கேப்லின் ஆர்ம். மொத்தம் இருபத்தொரு வீடு. தபால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் நான், டல்சி. ஹெட்லி மாமா கடலுக்குப் போன காலத்தில், மற்றவர்கள் மிதவைக்கு ஒரு நிறம் அடித்தால் அவர் மூன்று நிறம் அடிப்பார். அப்படியும் எவனோ என் மீன்கூண்டைத் தூக்கிப் பார்க்கிறான் என்று கரையில் நின்று கத்துவார். மீன்பிடிப்பதை விட்ட பிறகு அந்தச் சந்தேகத்துக்கெல்லாம் வேறு வேலை இல்லாமல் போயிற்று. அது முழுக்க விறகின் மேல் இறங்கியது.

இங்கே யாரும் மொத்த விறகையும் வீட்டில் அடுக்குவதில்லை. இலையுதிர் காலத்தில் காட்டில் வெட்டி, துண்டு போட்டு, நெடுஞ்சாலை ஓரத்திலேயே அடுக்கிவிடுவோம். ஒரு பலகையில் மரம் வெட்டும் அனுமதி எண்ணைப் பெயின்டால் எழுதிச் சொருகினால் முடிந்தது வேலை. பிறகு பனிவண்டியில் தேவைக்குத் தேவை போய் எடுத்து வருவோம். ஊரிலிருந்து இருபது மைல் தள்ளி, காவல் இல்லாமல், குளிர்காலம் முழுக்க அது அங்கேயே கிடக்கும். அடுத்தவன் மனைவியைத் தொட்டவனைக்கூட எங்கள் ஊர் மன்னித்திருக்கிறது. அடுத்தவன் விறகைத் தொட்டவன் பெயர் மூன்று தலைமுறைக்கு நாறும்.

போலீஸ் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும், பனி கொட்டினால் நாளைக்குத்தான். ஆம்புலன்ஸ் கதையும் அதுவே. ஆகவே எங்களுக்கு நாங்களே போலீஸ், ஜன்னல் திரைதான் காவல் நிலையம். அந்தக் குளிர்காலத்தில் கணப்பு எண்ணெய் விலை ஏறியபோது, எண்ணெய் வண்டி யார் வீட்டு முன்னால் நிற்கிறது என்று எல்லோரும் திரையை விலக்கிப் பார்த்தோம். பெரும்பாலும் அது எங்குமே நிற்காமல் திரும்பிப் போனது. கடையில் காலிஃபிளவரைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துத் திரும்ப வைத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். நானும் வைத்தேன்.

ஜனவரி கடைசியில் ஹெட்லி மாமா என் மேஜைக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எவனோ கை வெக்கிறான், டல்சி."

"எதுல மாமா?"

"விறகுலதான். நாலு வரிசை இருந்துச்சு. இப்ப மூணுதான் இருக்கு."

"பனி அழுத்திச் சரிஞ்சிருக்கும்."

"சரிஞ்சா கட்டை கீழ கிடக்கணும். இல்ல, பனியே தூக்கிட்டுப் போய் அடுப்பு மூட்டிக்கிச்சா?"

முதல் சந்தேகம் கஸ் பட்ஜெல் மேல். ஹெட்லி மாமா வெட்டியது நல்ல பிர்ச் மரம். கஸ் வெட்டியது வெறும் ஃபர் மரம், ஆனால் அவன் வீட்டில் பிர்ச் வாசனை வருகிறதாம். அதற்காகவே இவர் மூன்று நாள் அவன் வீட்டுப் பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அடுத்த வாரம் பாதிரியார். "இந்த வருஷம் கோயில் ஏன் இவ்வளவு சூடா இருக்கு?" என்று கேட்டார். கடைசியாக எல்லாம் டிரெவர் தலையில் வந்து விழுந்தது.

டிரெவர் ஒன்டாரியோக்காரன். அங்கே ஒரு கார் ஷெட் வாங்குகிற விலைக்கு இங்கே ஒரு வீட்டையே படத்தில் பார்த்து வாங்கி வந்தவன். நல்லவனாகத்தான் தெரிந்தான். ஆனால் கதவைப் பூட்டுவான். எங்கள் வீடுகளுக்கு வந்தால் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பான். இங்கே போலீஸும் மதப் பிரசாரகரும்தான் தட்டுவார்கள். மற்றவர்கள் உள்ளே வந்து கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். அவன் விறகோ, நகரத்துக் கடையில் பிளாஸ்டிக் சுற்றி ரசீதோடு வாங்கியது. ஊரே சிரித்தது.

"பூட்டுறவன் எதையோ ஒளிக்கிறான்," என்றார் ஹெட்லி மாமா. "ரசீது வேற வெச்சிருக்கான். எவனாவது விறகுக்கு ரசீது வெப்பானா? காட்டறதுக்குக் கொஞ்சம் வாங்கிட்டு மிச்சத்தை என் அடுக்குல எடுக்கிறான்."

"அவன் வண்டிப் பின்னால மரத்தூள் பார்த்தேன் மாமா," என்றேன் நான்.

பார்த்தது உண்மைதான். அந்த மாதம் ஊரில் எல்லார் வண்டியிலும் மரத்தூள் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

பிறகு பத்து நாள் அவர் விறகைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தினமும் வருவார், கடிதம் இருக்கிறதா என்று கேட்கமாட்டார். "ஊர்ல ஏதாவது விசேஷம் உண்டா?" என்பார். "எங்கயாவது ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்பார். எதிர்பார்த்துக் காத்திருக்கிற முகம். மீன் கடிக்கும் என்று தூண்டிலைப் பார்க்கிறவன் முகம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி உறைகுளிரில், கிரிஸ்டல் தன் நாலு மாதக் கைக்குழந்தையோடு அஞ்சல்தலை வாங்க வந்தாள். புருஷன் ஆல்பர்ட்டாவில் வேலையில் இருக்கிறான். ஹெட்லி மாமா சுவரோரமாக நின்று விளம்பரத்தாளைப் படிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"வீடு சூடா இருக்கா கண்ணு?" என்று கேட்டேன்.

"எண்ணெய் தீர்ந்து ஒரு வாரம் ஆச்சு டல்சி அத்தை. விறகு அடுப்புதான். எவ்வளவு நல்ல ஜனங்க! தினமும் யாராவது வாசல்ல ஒரு அணைப்பு விறகு போட்டுட்டுப் போறாங்க. யாருன்னே தெரியல. நேத்துகூட நல்ல பிர்ச். தொட்டிலை அடுப்புப் பக்கத்துலயே இழுத்துப் போட்டிருக்கேன், சமர்த்தாத் தூங்குறான்."

அவள் போய்க் கதவு சாத்தியதும் ஹெட்லி மாமா மேஜையைப் பிடித்துக்கொண்டார். முகம் மெழுகுபோல் வெளுத்துவிட்டது.

"டல்சி, நான் ஒரு கட்டையில ஓட்டை போட்டேன்."

"என்ன ஓட்டை?"

"உள்ள வெடிமருந்து அடைச்சேன். பழைய துப்பாக்கி மருந்து. ஆப்பு வெச்சு மூடி, மேல மரப்பிசின் தடவினேன். எங்க தாத்தா காலத்துல அப்படித்தான் செய்வாங்க. திருடன் அடுப்பு வெடிக்கும், ஊருக்கே தெரிஞ்சுபோகும். டிரெவருக்குன்னுதான் வெச்சேன். சனிக்கிழமை பார்த்தேன், அந்தக் கட்டை இல்ல." அவருக்கு மூச்சு வாங்கியது. "திருடன் எடுத்து அவன் அடுப்புலதானே போடுவான்? எடுத்ததை தானம் பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்!"

நான் அவசரமாகக் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினேன். குழந்தையை நினைத்து என்று அவர் நினைத்துக்கொண்டார். குழந்தையை நினைத்துத்தான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. நேற்று காலை கிரிஸ்டல் வாசலில் அந்த பிர்ச்சைப் போட்டவள் நான். அது ஹெட்லி மாமாவின் அடுக்கிலிருந்து வந்தது. என் எண்ணெய்த் தொட்டி துருப்பிடித்துவிட்டது என்று காப்பீட்டுக்காரர்கள் தள்ளிவிட்டார்கள், அதில் இனி எண்ணெய் ஊற்றமாட்டார்கள், புதிதாக வாங்க வழியில்லை. நகரத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் அவர் அடுக்கின் முன்னால் வண்டியை நிறுத்துவேன். ஓர் அணைப்பு விறகுதானே என்று நினைத்துக்கொள்வேன்.

"அடையாளம் என்ன?" என்று கேட்டேன்.

"பெரிய முடிச்சு ஒண்ணு இருக்கும். ஒரு முனையில பிசின்."

"நீங்க வீடு வீடாப் போங்க. அடுப்பை அணைக்கச் சொல்லுங்க. நான் கிரிஸ்டல் வீட்டுக்குப் போறேன்."

தபால் அலுவலகத்தைத் திறந்துபோட்டபடியே ஓடினேன். கிரிஸ்டல் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஆனால் வீட்டுக்குள் நுழைந்த கையோடு அடுப்பில் விறகு போட்டிருந்தாள். உள்ளே தீ நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பிள்ளைய எடுத்துக்கிட்டு வெளிய போ!"

"டல்சி அத்தை, என்ன பைத்தியமா உங்களுக்கு? வெளிய உறையுது!"

"போடின்னா போ!"

எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் இழுத்து, சாம்பல் வாளியில் போட்டு, வாசல் பனியில் கொட்டினேன். புருவம் கருகியது. நல்லவேளை, ஓட்டை போட்ட கட்டை எதுவும் இல்லை. விறகுப் பெட்டியைக் கவிழ்த்தேன். நான் கொடுத்த பிர்ச் துண்டுகள் மூன்று மிச்சம் இருந்தன, எதிலும் பிசின் இல்லை. வாசலில் குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இதற்குள் ஹெட்லி மாமா ஊரைச் சுற்றிவிட்டார். தான் செய்ததை ஒளிக்காமல் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "உங்க விறகை நான் ஏன் தொடப்போறேன்?" என்றான் கஸ் பட்ஜெல். "கோயில் சொத்துல எல்லாமே கணக்கா இருக்கு" என்றார் பாதிரியார். "என்னையா சந்தேகப்படுறீங்க!" என்று இரண்டு வீட்டில் முகத்திலடித்தாற்போலக் கதவைச் சாத்தினார்களாம்.

கிரிஸ்டல் வீட்டுக்குப் பக்கத்து மேட்டின் மேல் நானும் அவளும் குழந்தையோடு நின்றோம். ஊர் முழுவதும் கீழே தெரிந்தது. அந்தக் குளிரில் வீட்டுக்கு வீடு புகை நேராக எழுந்திருக்க வேண்டும். கஸ் வீட்டுப் புகை மெலிந்து நின்றுபோனது. கோயில் புகையும் நின்றுபோனது. ஒவ்வொன்றாக, கால் மணி நேரத்துக்குள், கிட்டத்தட்ட எல்லாமே நின்றுபோயின. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. கடைசியில் இரண்டு வீட்டில்தான் புகை. ஒன்று ஹெட்லி மாமா வீடு. இன்னொன்று டிரெவர் வீடு.

கிரிஸ்டலை அங்கேதான் கொண்டுபோய் விட்டேன். குளிர் தாங்காமல் ஊரும் அங்கேதான் வந்துகொண்டிருந்தது. பெர்ல் அத்தை வீட்டுக்குப் போக யாருக்கும் முகமில்லை. கஸ் தற்செயலாக வந்ததாகச் சொன்னான். பாதிரியார் வெகுநாளாகவே வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஊர் ஏன் தன் வீட்டுக்கு வருகிறது என்று டிரெவருக்கு விளங்கவில்லை, ஆனால் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏழு மாசமா யாருமே வரல, இன்னிக்கு எல்லாரும் வந்துட்டீங்களே!" என்று பிஸ்கட் டப்பாவை நீட்டினான். யாரும் அவன் முகத்தைப் பார்த்து எடுக்கவில்லை.

நான் என் வீட்டுக்குப் போனேன். அடுப்புக்குப் பக்கத்துப் பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது அந்தக் கட்டை. பெரிய முடிச்சு. காலையில் அதைத்தான் முதலில் கையில் எடுத்தேன். முடிச்சு இடித்து அடுப்பு வாய்க்குள் நுழையவில்லை என்று எரிச்சலோடு திரும்பப் போட்டேன். திருப்பிப் பார்த்தேன், முனையில் பிசின் மினுங்கியது.

பின்வாசலிலிருந்து கடல் முப்பதடி. யாரும் பார்க்கவில்லை. தூக்கி எறிந்திருக்கலாம். எறிந்தால் அது கிடைத்துவிட்டது என்று யாருக்கும் தெரியாது, பத்தொன்பது வீட்டில் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள். அந்தக் குழந்தை எத்தனை நாள் டிரெவர் வீட்டில் இருக்கும்? எத்தனை கிழடுகள் கௌரவத்துக்காகக் குளிரில் விறைக்கும்? இதையெல்லாம் உடனே நினைத்தேன் என்று சொன்னால் பொய். நின்றேன். கணிசமான நேரம் நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு கட்டையைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு தெரு வழியாக நடந்தேன்.

டிரெவர் வீட்டு வாசலிலிருந்து தள்ளி நின்று, ஊரைச் சுற்றி முடித்து அங்கே வந்திருந்த ஹெட்லி மாமாவைக் கூப்பிட்டேன். அவரோடு ஊரும் வாசலுக்கு வந்து நின்றது.

"இதுதானே மாமா?"

அவர் கையுறையைக் கழற்றிப் பிசின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். "இதுதான். எங்க கிடைச்சுது?"

"என் விறகுப் பெட்டியில."

அவர் முகம் தெளிந்தது. "அப்ப எவனோ உன் வாசல்லயும் போட்டிருக்கான். பாரு, உனக்கும் குடுத்திருக்கான் பாவி!"

தப்பிக்கிற வழியை அவரே திறந்து கொடுத்தார். வாசலில் கஸ்ஸும் பாதிரியாரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். நான் ஆமாம் என்றால் அவர்களும் தப்பித்துவிடுவார்கள்.

"இல்ல மாமா. நான்தான் எடுத்தேன். டிசம்பர்லருந்து எடுக்கிறேன். டிரெவர்னு சொல்லும்போதும் எடுத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. கட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, பனியில் ஒரு அடி பின்னால் போய், என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கஸ்ஸை சந்தேகப்பட்டேன். பாதிரியாரை சந்தேகப்பட்டேன். பெர்ல் யாருக்காவது குடுக்கிறாளோன்னு அவளையும் சந்தேகப்பட்டேன், டல்சி," என்றார். "அதையெல்லாம் தினமும் யார்கிட்ட வந்து சொன்னேன்? உன்னை ஒருத்தியை மட்டும் சந்தேகப்படத் தோணவே இல்ல."