சுங்கான் குடித்த மதியம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிற்கிறேன். உள்ளே வாணலி அடிப்பிடித்து, தீய்ந்த இனிப்பின் வாடை வருகிறது. என் கை தானாக வாயைப் பொத்துகிறது.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையம் வீட்டில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. பட்டாளத்தோடு இலங்கைக்குப் போய் லீவில் வந்த சித்தப்பாவிடம், எங்கள் பக்கம் கிடைக்காத யாழ்ப்பாணப் புகையிலையும் அதை அடைத்துப் புகைக்கும் சுங்கான் குழாயும் இருந்தன. பற்றவைத்தால் கருப்பட்டி தீய்ந்த வாடை வரும். "ஒங்க சித்தப்பா சுங்கான் குடிக்காரு, அங்க போகாத" என்பாள் அம்மா. ஒரு மதியம் அவர் புகைந்துகொண்டிருந்த சுங்கானை வைத்துவிட்டு எழுந்து போனதும், நானும் குடித்தேன். குடிப்பது என்றால் விழுங்குவதுதானே? மூன்று மடக்கு விழுங்கினேன்.

தரை சாய்ந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. வாயைத் திறந்தால் புகை வெளியே வந்து அம்மாவிடம் காட்டிக்கொடுத்துவிடும் என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். மூச்சு முட்டியது.

திரும்பி வந்த சித்தப்பா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து முன்னால் உட்கார்ந்தார். "ஏட்டி, வாயத் தொற! மூச்ச விடு தாயி!" என்று என் விரல்களைப் பிரித்தார்.

புகை வரவே இல்லை. அப்படியென்றால் அது உள்ளேதான் இருக்கிறது என்று பல நாள் பயந்து கிடந்தேன்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கக்கா" என்று கடைக்காரர் இலையில் கொஞ்சம் நீட்டுகிறார். வாயிலிருந்து கையை எடுக்கப் பயமாக இருக்கிறது.