கம்பம் ஏறாத லைன்மேன்

எங்கள் குடும்பத்தில் தைரியசாலி என்று பெயர் வாங்கியவர் அப்பா ஒருவர்தான். திருமயம் பக்கத்தில் லைன்மேன். மழையில் கரண்டு போனால் தெருவே அவர் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும். நான் நாலாம் வகுப்பு படிக்கையில், ஒரு விடியற்காலை அந்த அப்பா கட்டிலில் வலப்பக்கம் புரண்டார். உடனே இரு கைகளாலும் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, "வீடு சுத்துது, புடி, புடி!" என்று கத்தினார். அம்மா அப்பாவைப் பிடித்தாள். நான் வீட்டைப் பிடித்தேன். நிலைக்கதவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

சித்தப்பா பித்தம் என்றார். அம்மா கண்ணேறு என்று தீர்மானித்து, ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த தலையை உப்பு மிளகாயால் மேலும் மூன்று சுற்று சுற்றிப்போட்டாள். குறையவில்லை. கம்பத்தை அண்ணாந்து பார்த்தாலே அப்பா தள்ளாடினார். ஆபீஸ் இன்ஜினியர், "எனக்கு முன்னாடி ஒரு தடவ ஏறிக் காட்டு. இல்லையா, ஸ்டோர்ல ஒக்காந்து கம்பிய எண்ணிக்கிட்டுக் கெட" என்று சொல்லிவிட்டார். கம்பம் ஏறாத லைன்மேன், மாடில்லாத வண்டிக்காரன் என்றார் சித்தப்பா. ஆறுதல் சொல்வதில் அவர் அப்படித்தான்.

புதுக்கோட்டையில் காது டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி வைத்தியம் செய்யும் ஓர் அம்மாவிடம் அனுப்பினார். அந்தம்மா அப்பாவை உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சடாரென்று மல்லாக்கச் சாய்த்தார். அப்பாவின் கருவிழிகள் ட்யூப்லைட் எரியப்போகும் முன் துடிப்பதுபோலத் துடித்தன. அம்மா அலறினாள். அந்தம்மாவோ கண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு, "சுத்துதா? சுத்தட்டும். காதுக்குள்ள நெதானம் பாக்குற எடம் கொஞ்சம் பெசகிக் கெடக்கு, அம்புட்டுத்தான்" என்றார்.

பிறகு நிற்கவைத்தார். ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம், கைகள் மார்பில், கண்கள் மூடி. அப்பா தென்னைமரம் காற்றில் ஆடுவதுபோல ஆடினார். அம்மா பாய்ந்து போய்த் தோளைப் பிடித்தாள்.

"புடிக்காதீங்கக்கா! விழுந்தா புடிங்க. ஆடுனா புடிக்காதீங்க. ஆடி ஆடித்தான் ஒடம்பு கத்துக்கிடும்."

வீட்டுக்குப் பாடமும் கொடுத்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பக்கவாட்டில் விழுந்து எழ வேண்டும். பந்தைக் கைக்குக் கை மேலே வீசிக் கண்ணால் தொடர வேண்டும். கண்ணை மூடிச் சுவருக்குச் சுவர் நடக்க வேண்டும். பந்துக்கு எங்கே போவது? எலுமிச்சம்பழம் இருந்தது. சாயங்காலம் வாசலில் எலுமிச்சம்பழத்தை வீசிவிட்டுக் கண்ணை மூடி நடக்கும் அப்பாவைப் பார்த்த எதிர்வீட்டு அத்தை, "ஏன்டி, ஒங்கப்பா யாருக்குச் செய்வினை வைக்கிறாரு?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. அந்த ஆஸ்பத்திரிச் சோதனையை வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல் அருகே நானும் செய்து பார்த்திருந்தேன். பாதத்துக்கு முன் பாதம், கண் மூடி. ஆடினேன். மறுநாளும் ஆடினேன். சந்தேகமே இல்லை, எனக்கும் வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னால், ஒரு நோயாளியின் கவலைக்கே அரைச் சாப்பாடு சாப்பிடுகிறவள், இன்னொன்றைத் தாங்குவாளா? சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து பக்கவாட்டில் விழுந்து ரகசிய வைத்தியம் பார்த்துக்கொண்டேன். பக்கத்துப் பிள்ளை மடியில் விழுந்ததற்கு டீச்சரிடம் குட்டு வாங்கியதுதான் பலன்.

சில வாரப் பயிற்சிக்குப் பிறகு, அப்பா ஏறிக் காட்டும் நாள் வந்தது. "கூடப் போ. அப்பா விழுந்துட்டா ஓடியாந்து சொல்லு" என்று அம்மா என்னை அனுப்பினாள். ஆபீஸ் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினார். உச்சிக்குப் போய், தலையை அண்ணாந்தார். அப்படியே நின்றுவிட்டார். சுற்றுகிறது, அப்பாவுக்கு உலகம் சுற்றுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்கமாட்டாமல் கண்களை இறுக மூடினேன்.

விழுந்தது நான்தான்.

என் அலறல் அடங்குவதற்குள் அப்பா கீழே இருந்தார். எப்படி இறங்கினார் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்ஜினியர், "தலசுத்துறவன் எறங்குற எறக்கமாய்யா இது? திங்கக்கெழம வந்து வேலையப் பாரு" என்றது மட்டும் கேட்டது. சிராய்த்த முழங்காலை மறந்து நான் தேம்பினேன்.

"எனக்கும் இருக்குப்பா. கண்ண மூடுனா ஆடுது."

அப்பா சிரிக்கவில்லை. "எங்க, நின்னு காட்டு ஆத்தா" என்றார்.

பாதத்துக்கு முன் பாதம் வைத்தேன். கண்ணை மூடினேன். ஆடினேன்.

"புடிங்கப்பா!"

எந்தக் கையும் வந்து பிடிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளும் என் இடுப்புக்கு இருபுறமும் விரிந்தபடி, சட்டையைக்கூடத் தொடாமல், நான் ஆடும் பக்கமெல்லாம் கூடவே ஆடிக்கொண்டிருந்தன.

சுவரில் ஏறியதற்குக் கோபம், அதனால்தான் தொடமாட்டேன் என்கிறார் என்று நினைத்து, சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்து வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.