முத்து வீட்டுக்கு விலை கேட்கப் போனோம்

கடற்கரைச் சாலையிலுள்ள அந்தப் பழைய மாளிகையில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்கியதைப் பார்த்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கரையேறிய முத்துகளை அங்கேதான் தரம் பிரித்து விற்றார்களாம். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த நாளிலிருந்து அதன் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. உடனே பலகையிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

“ஏளா, அந்த வீட்ட வாங்குத மூஞ்சியா நமக்கு?” என்றார் என் கணவர்.

“பாக்கதுக்குமா காசு கேப்பாவ? நல்ல சட்டையாப் போட்டுட்டு வாங்க.”

நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். கதவைத் திறந்த மாளிகைக்காரர் கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“வாங்க வரல. சும்மா பாக்க வந்திருக்கிய. அப்படித்தான?”

என் முகம் சூடேறிவிட்டது. அவரோ சிரித்தார். “நல்லதாப் போச்சு, வாங்க. வெல கேட்டு வாரவன் ஒருத்தனும் மாடி ஏறல. எத்தன சென்ட்டுன்னு கேட்டுட்டுப் போயிருதான்.”

மாடியில் ஒரே நீளக் கூடம். ஆளுயர ஜன்னல்கள் வழியே கடல் வெளிச்சம் கொட்டியது. தரை முழுக்கத் தேக்குப் பலகை. “இங்கனதான் மேசையில முத்தக் கொட்டிப் பிரிப்பாவளாம்” என்றார்.

பலகைகளுக்கு நடுவே விரற்கடை இடைவெளி. “அப்ப ஒண்ணுகூடவா உருண்டு கீழ விழுந்திருக்காது, அண்ணாச்சி?”

அவர் என்னையே பார்த்தார். “சின்ன வயசுல நானும் கேட்டேன். பலகையத் தொட்டாக் காலை ஒடிப்பேன்னாரு எங்கப்பா.” குனிந்து இடைவெளியில் எட்டிப் பார்த்தார். “இப்பதான் விக்கப் போறோம்லா!”

விறுவிறுவென்று இறங்கிப் போய்க் கடப்பாரையோடு வந்தார். என் கணவர் நல்ல சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நெம்பினார். ஜன்னலோரப் பலகை ஒன்று முனகிக்கொண்டு எழும்பியது. நான் பட்டுப்புடவையோடு குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தில் துழாவினேன். தூசி, மணல், சட்டைப் பொத்தான், கரப்பான் இறகு. பிறகு கடுகைவிடச் சற்றே பெரிதாக ஏதோ ஒன்று விரலில் ஒட்டியது.

மாளிகைக்காரர் அதை வேட்டியில் துடைத்து ஜன்னலில் காட்டினார். மங்கலாக, பால் நிறத்தில் மினுங்கியது.

“முத்துல்லா!”

மூன்று பேரும் போட்ட கூச்சலில் தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது. பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு பலகைகள் பெயர்ந்தன. ஒரு தேக்கரண்டி அளவுக்குப் பொடி முத்து சேர்ந்தது. முதலில் கிடைத்ததை அவர் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

அடுத்த வாரம் போனில் அவர் குரல் துள்ளியது. இடித்துவிட்டு வணிக வளாகம் கட்ட இடம் தேடி வந்த ஒருவரிடம் கூடத்தைக் காட்டியிருக்கிறார். “தாயி, வந்த மனுசன் எந்திரிக்கவே மாட்டேங்காரு. மூணாவது பலகையப் பேத்து முத்துத் தேடிட்டு இருக்காரு. வீட்ட இடிக்க மாட்டாராம்!”

நான் அப்படியே கணவரைக் கூப்பிட்டு ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன்.