வரித்தலை வாத்துக்கு ஒரு ரைட்

ஆவூர் ஆண்ட்ரூஸ் அண்ணன் இருபத்தொன்பது வருடம் டவுன் பஸ் கண்டக்டர். இறங்க வேண்டிய இடத்தை ஒருவருக்கும் தப்பாகச் சொன்னதில்லை என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. ஓய்வுபெற்றபின் பறவைப் பித்துப் பிடித்தது. பழைய வழக்கம் மட்டும் போகவில்லை.

எங்கள் பறவைக் குழுவில் அரிய பறவை இருக்கும் இடத்தை யாரும் போடுவதில்லை. போட்டால் வேட்டைக்காரர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. மார்கழியில் ஒரு மாலை, இலுப்பூர்ப் பக்கத்துக் கண்மாயில் இவர் ஒற்றை வரித்தலை வாத்தைப் பார்த்துவிட்டார். இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. படத்தோடு வழியையும் வாட்ஸ்அப்பில் போட்டார்: ‘மூன்றாவது பாலம், இடதுபக்க மண்பாதை, மடைக்குப் பக்கத்தில்.’

நான் பதறிப்போய்ப் போன் செய்து அழிக்கச் சொல்வதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

“கார்த்திகா, நான் கூறுகெட்டவன்மா,” என்றார். குரலே சரியில்லை.

மறுநாள் விடிந்ததும் அவருடைய வண்டியில் போனோம். வழியெல்லாம் பனி. வாத்து மடையருகே, கோரைக்குப் பின்னால் உயிரோடு நின்றது. ‘அப்பாடா’ என்று கரையேறினேன். எதிரே ஒரு பைக் வந்து நின்றது. பின்னால் இருந்தவன் மடியில் நீளமான சாக்கு. அதன் முனையில் துப்பாக்கிக் குழல். பைனாகுலரைத் தோள்பைக்குள் திணித்தேன். அண்ணன் தன் கழுத்தில் தொங்கிய பைனாகுலர்மேல் துண்டை இழுத்துவிட்டார்.

“பெருசு, இங்கிட்டு வரி போட்ட வாத்து எறங்கிருக்காமுல்ல?” முன்னால் இருந்தவன் போனை நீட்டினான். அண்ணன் எழுதிய அதே வரிகள்.

அந்த நேரம் பார்த்து வாத்து கத்தியது. செத்தோம் என்று நினைத்தேன். அண்ணன் குனிந்து இருமினார், விடாமல் இருமினார்.

“பனி ஒத்துக்கல தம்பி,” என்று நிமிர்ந்தார். “இது ரெண்டாவது பாலம். இன்னும் நாலு கிலோமீட்டர் போங்க. புளியமரத்துக்கு அங்கிட்டு, எடதுபக்கம் எறங்குங்க.”

அதே கண்டக்டர் குரல். அதை நம்பாதவர் இந்தப் பக்கம் உண்டா?

“இதுல மடைக்குப் பக்கத்துலன்னு தெளிவாப் போட்டிருக்கே?”

“போட்டவன் கூறுகெட்டவன் தம்பி.”

பைக் திரும்பியது. பின்னால் இருந்தவன் மட்டும் அவருடைய துண்டையே பார்த்துக்கொண்டு போனான்.

“திரும்பி வருவாங்க. நீ ரோட்டைப் பாத்துக்கம்மா,” என்று அண்ணன் தண்ணீரில் இறங்கினார். முழங்கால்வரை சேறு. பனிக்குள் கண் வலிக்கப் பார்த்தபடி நின்றேன். தூரத்தில் பைக் சத்தம் தேய்வதா நெருங்குவதா என்றே தெரியவில்லை. பின்னால் அவர் கைதட்டுவது கேட்டது.

“போ, போயிரு! போலாம்... ரைட்!”

இறக்கைச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கோரைக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அண்ணன் இலுப்பை மரங்களுக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கிட்டுப் போச்சுண்ணே?”

சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் பாக்கலம்மா,” என்றார்.