விஷமம் உண்டோ?

ஆனைக்கரையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நான் சூப்பர்வைசர். மனைவி பெருமாட்டியில், எங்கள் வீட்டில். பதினோரு வருடமாக, மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் நான் புருஷன். அந்த வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று துப்பு சொன்னதே அவள்தான். மேனேஜர் போனிலேயே இன்டர்வியூ வைப்பாராம்.

முந்தின நாளே தலைக்குச் சாயம் அடித்தேன். நேற்று காலையில் சவரம் செய்து, முழுக்கைச் சட்டையும் ஷூவும் மாட்டிக்கொண்டு ஒத்திகைக்காக அவளைப் போனில் கூப்பிட்டேன். அவள்தான் மேனேஜர்.

“வயசு என்னங்க?”

“அம்பத்தொண்ணுங்க. ஆனா பாத்தா...”

“அந்த ஆனாவெல்லாம் வேண்டாங்க. அவிங்க பாக்கப் போறதில்ல.”

“சாயம் அடிச்சிருக்கனே.”

“போனுக்கா?” சிரித்துவிட்டு மேனேஜர் மறுபடி மனைவியானாள். “ஏனுங்க, அவிங்ககிட்டயும் உங்க விஷமத்தக் காட்டீராதீங்க.”

பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. உள்ளே என்ன வேகிறதென்று எனக்குத் தெரியவில்லை. கூட இருப்பவனுக்கு வாசத்திலேயே தெரிந்திருக்கும்.

பதினோரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். மலையாளி. நான் எழுந்து நின்றேன். வயது, அனுபவம், எல்லாவற்றையும் விறைப்பாகவே சொன்னேன். கடைசியில் கேட்டார்:

“குடும்பத்தெ விட்டு அவிடெ நில்க்குந்நதில் விஷமம் உண்டோ?”

எனக்கு உறைத்தது கடைசி இரண்டு வார்த்தைகள்தான். இவருக்கு யார் போட்டுக்கொடுத்தது என்று பதறி, “ஐயோ, ஒரு விஷமமும் இல்ல சாரே. எல்லாம் விட்டாச்சு” என்றேன்.

“பின்னெ எந்தினா இங்ஙோட்டு வருந்நது?”

எதற்கு அங்கே வருகிறேனாம். “ஒழுங்கா வேலை பாக்கத்தான்” என்றேன். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் வார்த்தை மாறாமல் பெருமையாக மனைவியிடம் ஒப்பித்தேன்.

“அவிங்க மலையாளத்துல கேட்டிருக்காங்க. அதுல விஷமம்னா சங்கடமுங்க. எங்கள விட்டுட்டு அங்க இருக்கறது சங்கடமா இருக்குதான்னு கேட்டிருக்காங்க.”

எனக்கும் தெரிந்த வார்த்தைதான். காதில் அவள் எச்சரிக்கை உட்கார்ந்திருந்ததால் வேறெதுவும் உள்ளே நுழையவில்லை.

“நெசமாலுமே இல்லீங்களா?” என்றாள்.

பதினோரு வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. நான் கேட்க விட்டதும் இல்லை. போனை எடுத்ததும் ஒரு ஜோக், வைக்கும்போது ஒரு ஜோக். இப்போது தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை.

“இருக்குது” என்றேன்.

“அத அவிங்ககிட்டச் சொல்லுங்க.”

மேனேஜரைத் திரும்ப அழைத்தேன். “சாரே, விஷமம் உண்டு. நெறைய உண்டு.” அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.

இன்று ஞாயிறு. காலையில் அவளைக் கூப்பிட்டு, நேற்று குக்கரில் என்ன என்று மட்டும் கேட்டேன்.

“கொள்ளுப் பருப்புங்க” என்றாள்.